காவல் நாயின் முதல் பன்னிரண்டு வாரங்கள்

வீட்டுக் காவலுக்கென்று நீங்கள் ஒரு நாய்க்குட்டி வாங்கி வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குட்டியை வாசலில் இறக்கிவிட்ட மறு நிமிடமே அறிவுரைகள் வந்து குவியும். "கண்ட ஆட்களையும் தொட விடாதீர்கள், குணம் கெட்டுவிடும்" என்பார் ஒருவர். "கொல்லைப்புறத்தில் கட்டிப் போடுங்கள்; ஆள் முகம் பாராமல் வளர்ந்தால்தான் ரோஷம் இருக்கும்" என்பார் இன்னொருவர். "ஒரே கையால் சோறு போடுங்கள், சோறு போட்ட கைக்குத்தான் நாய் அடங்கும்" என்பார் மூன்றாமவர். இந்த மூன்றையும் யாராவது சோதித்துப் பார்த்ததுண்டா? உண்டு. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

காவல் நாய் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஜெர்மன் ஷெப்பர்ட். நம் நாட்டில் 'அல்சேஷன்' என்று வழங்குவதும் அதுவே. பெயரே சொல்வது போல அது ஆட்டிடையர்களின் நாய். 1899-ல் மாக்ஸ் ஃபான் ஷ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் படை அதிகாரி, ஹோராண்ட் என்று தாம் பெயரிட்ட ஒரு நாயை மூலமாக வைத்து இந்த இனத்தை ஒழுங்குபடுத்தினார். மேய்ச்சல் குறைந்துவிட, நாய்களுக்குப் போலீஸ் வேலையும் படை வேலையும் கிடைத்தன. 1910-ல் கொன்ராட் மோஸ்ட் என்ற போலீஸ் அதிகாரி நாய்ப் பயிற்சி பற்றி ஒரு நூலே எழுதினார். ஆனால் பயிற்சி என்பது ஓரளவு வளர்ந்த நாய்க்குத்தான் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. குட்டிப் பருவத்தில் தீனியும் தூக்கமும் போதும் என்ற எண்ணம்.

எல்லாம் பிறவிக் குணம்தானா என்ற கேள்வியும் இருந்தது. சுவிட்சர்லாந்தில் டோரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி நடத்திய பண்ணையில் எலியட் ஹம்ப்ரியும் லூசியன் வார்னரும் ஷெப்பர்ட் நாய்களின் குணங்களைத் தலைமுறை தலைமுறையாக அளந்து, 1934-ல் நூலாக வெளியிட்டார்கள். பரம்பரைக்கு உள்ள பங்கு அதில் நன்றாகவே புலப்பட்டது. வளர்ப்பின் பங்கு எவ்வளவு என்பது மட்டும் எஞ்சி நின்றது.

இனி, 1945-க்குப் பிந்திய அமெரிக்காவுக்குப் போவோம். மேய்ன் மாநிலத்தில் கடலோரத்தில் பார் ஹார்பர் என்ற சிற்றூர். அங்குள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடம் எலிகளுக்குப் பேர்போனது. அதன் நாய்ப் பிரிவில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்ற இருவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தார்கள். பசென்ஜி, பீகிள், காக்கர் ஸ்பானியல், ஷெட்லாண்ட் ஷீப்டாக், கம்பிமுடி ஃபாக்ஸ் டெரியர் என ஐந்து இனங்கள். குட்டிகளைப் பிறந்த நாள் தொட்டுக் கவனித்துக் குறித்தார்கள்.

பிறந்த குட்டிக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேளாது. இரண்டாம் வார வாக்கில் கண் திறக்கிறது. மூன்றாம் வாரத்தில் காது கேட்கத் தொடங்குகிறது; ஈறிலே பல் முளைக்கிறது; வாலாட்டலும் தொடங்குகிறது. அதுவரை தாயின் மடியே உலகம் என்றிருந்த குட்டி, தன்னைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்குவது அப்போதுதான். பார்த்ததையெல்லாம் அஞ்சாமல் நெருங்கும். ஐந்தாம் வாரம் அளவில் புதியவற்றின்மேல் அச்சம் எட்டிப் பார்க்கிறது. வாரத்துக்கு வாரம் அது வளர்கிறது. ஆக, நெருங்கும் ஆசை ஒரு பக்கம், விலகும் அச்சம் மறுபக்கம். முதலது மேலோங்கியிருக்கும் சில வாரங்களில் குட்டி யாரைக் காண்கிறதோ அவரெல்லாம் அதற்கு 'நம்மவர்' ஆகிவிடுகிறார்கள்.

இதை அதே ஆய்வுக்கூடத்தில் டேனியல் பிரீட்மன், ஜான் கிங், ஆர்வில் எலியட் ஆகியோர் சோதித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உயரமான வேலியால் சூழப்பட்ட ஒரு வயல். அதற்குள் தாய் நாய்களும் குட்டிகளும். குட்டிகள் மனிதரோடு பழக வழியே இல்லை. சில குட்டிகளை 2-ஆம் வாரத்திலும், சிலவற்றை 3, 5, 7, 9-ஆம் வாரங்களிலும் வெளியே எடுத்து, ஒரே ஒரு வாரம் மட்டும் நாள்தோறும் சிறிது நேரம் கொஞ்சி விளையாடிவிட்டு, மறுபடியும் வயலில் விட்டார்கள். வேறு சில குட்டிகளை 14 வாரம் வரை எடுக்கவே இல்லை.

இரண்டு வாரக் குட்டி பாலும் தூக்கமுமாக இருந்தது. மூன்று வாரக் குட்டி உடனே ஓடி வந்தது. ஐந்து வாரக் குட்டி சிறிது தயங்கிவிட்டு வந்தது. ஏழு வாரக் குட்டி ஒட்டிக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. ஒன்பது வாரக் குட்டிக்கு இன்னும் அதிக நாள். பதினான்கு வாரம் மனித வாசனையே படாத குட்டியோ, காட்டு விலங்கு போலவே நடந்துகொண்டது. அப்படிப்பட்ட ஒரு குட்டியை மூன்று மாதம் கையால் ஊட்டித் தடவிக் கொடுத்தும், ஓரளவுதான் மாறியது. 1961-ல் வெளிவந்த முடிவு இது.

சோறு போட்ட கை என்ன ஆயிற்று என்கிறீர்களா? பிராட்பெக் என்பவர் 1954-ல் வெளியிட்ட ஆய்வில், சில குட்டிகளுக்கு மனிதர் கையாலும் வேறு சிலவற்றுக்கு இயந்திரத்தாலும் உணவு கொடுக்கப்பட்டது. இயந்திரம் ஊட்டிய குட்டிகளும் மனிதரிடமே ஒட்டிக்கொண்டன. பழகுவதற்கு உணவைவிட ஆளின் அண்மையே முக்கியம் போலும். மூன்றாமவரின் அறிவுரை இத்துடன் போயிற்று.

இரண்டாமவருக்கான பதில் கனடாவிலிருந்து வந்தது. மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்டு மெல்சாக், டி.எச். ஸ்காட் (இவர் வேறு ஸ்காட்) ஆகியோர் சில ஸ்காட்டிஷ் டெரியர் குட்டிகளை வெளியுலகமே தெரியாதபடி கூண்டுகளில் வளர்த்தார்கள். வளர்ந்தபின் அவற்றுக்கு எரியும் தீக்குச்சியைக் கண்டு விலகக்கூடத் தெரியவில்லை. மூக்கைச் சுட்டுக்கொண்டு மீண்டும் அதையே முகர்ந்தன. 1957-ல் வந்த இக்கட்டுரையைப் படிக்க எனக்கு மனம் கஷ்டமாகவே இருந்தது. இன்று இத்தகைய சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் எளிதில் இசையாது. ஆனால் தனித்து அடைப்பதால் வீரம் வளரவில்லை, உலகத்தைப் படிக்கும் அறிவே குன்றியது என்பது மட்டும் வெளிச்சமாயிற்று.

இந்த அறிவை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் கிளாரன்ஸ் பாஃபென்பெர்கர். கலிபோர்னியாவில் கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கும் நிறுவனத்தில் பணியாற்றியவர். நல்ல வம்சத்துக் குட்டிகளும் பயிற்சியில் பெருமளவு தோற்றுப் போனது அவருக்குக் கவலை. ஸ்காட்டுடன் சேர்ந்து, குட்டிகளைச் சில வாரங்களிலேயே சோதித்து, சிறுவர்கள் இருக்கும் குடும்பங்களில் வளர விட்டார். சோதனை முடிந்தபின் கொட்டடியிலேயே மூன்று வாரத்துக்கு மேல் தங்கிவிட்ட குட்டிகளில் பெரும்பாலானவை பின்னர் தோற்றன. உடனே வீடு சேர்ந்தவை பெரும்பாலும் தேறின. ஒரே வம்சம், ஒரே பயிற்சி. வேறுபாடு சில வாரங்கள்தாம்!

இயற்பியல் ஆசிரியன் என்பதால் எனக்கு எரிமலைக் குழம்பு நினைவுக்கு வருகிறது. அது குளிரும்போது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைக் கடக்கையில், அப்போதைய பூமியின் காந்தத் திசை பாறையில் பதிந்துவிடுகிறது. உவமையை ரொம்பவும் இழுக்கக் கூடாது. நாய் பாறையன்று, பின்னாலும் கற்கும். அதனால்தான் ஆய்வாளர்கள் 'மாற்றமுடியாத பருவம்' என்பதை விட்டு 'கூருணர்வுப் பருவம்' என்ற பொருளில் பேசத் தொடங்கினர். பழகியதும் தொடர்ந்து பழகாவிட்டால் மறையலாம் என்றும் கண்டனர்.

"சரி, எல்லோரிடமும் குழைந்தால் காவல் எப்படி நடக்கும்?" என்று முதலாமவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் எண்ணிப் பாருங்கள். ஆள் முகம் பாராத நாய்க்குத் தபால்காரரும் திருடனும் ஒன்றே; பேரனைப் பார்க்க வந்த பாட்டியும் ஒன்றே. அச்சத்தால் கடிக்கும் நாய், அச்சம் மிகுந்தால் ஓடவும் செய்யும். நூறு விதமான சாதாரண மனிதரைக் கண்ட நாய்க்குத்தான் நள்ளிரவில் சுவரேறும் ஒருவர் சாதாரணமல்லர் என்று தெரியும். ஜெர்மனியில் வளர்ந்த காவல் நாய்த் தேர்வுமுறையிலும் நாய் முதலில் மனிதக் கூட்டத்தின் நடுவே அமைதியாக நடந்து காட்ட வேண்டும்; வெடிச் சத்தத்துக்குக் கலங்கக் கூடாது; பற்றிய பிடியைச் சொன்னதும் விட வேண்டும். விடத் தெரியாத நாய் அங்கே தேறாது.

ஒரு சிக்கல் இருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி பொதுவாக மூன்று மாத வாக்கில் போடப்படுகிறது. பார்வோ நோய்க்கான ஊசித் தொடரும் அதற்குள் முடிவதில்லை. பழக்கப் பருவமோ ஏறத்தாழ அதற்குள் முடிந்துவிடுகிறது. ஊசியெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தால் கதவு சாத்தப்பட்டுவிடும். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2008-ல், முதல் ஊசி போட்டபின் தகுந்த எச்சரிக்கையோடு குட்டியைப் பழக்கத் தொடங்கலாம் என்று அறிவித்தது. தெருநாய்கள் நடமாடும் நம் ஊர்களில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகவே வேண்டும். குட்டியைத் தரையில் விடாதீர்கள். எட்டு வாரக் குட்டியை வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது ஐந்தாறு வாரங்களே. பால்காரர், குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றிய தாத்தா, பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் என்று நாளுக்கு இருவராவது மெதுவாக அதைத் தொடட்டும். மாலையில் தோளில் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போய், சத்தத்தைக் கேட்கவிட்டுத் திரும்பி வாருங்கள். குட்டி நடுங்கினால் மட்டும் ஒரு பத்தடி தள்ளி நில்லுங்கள்.