பாசத்துல தண்ணி ஊத்திக் கொன்னுடாதீங்க... இது பாலைவனப் பட்டாணிப் பூ!

ரத்தச் சிவப்பில் இதழ்கள், நடுவில் பளபளக்கும் கறுப்புக் குமிழ். முதல்முறை பார்க்கிறவர்கள், ‘இது எடிட் பண்ணின போட்டோ’ என்றுதான் நினைப்பார்கள். ஆனால், ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் நிஜமாகவே பூக்கிறது இந்த ‘ஸ்டர்ட்ஸ் டெசர்ட் பீ.’ நம்ம ஊர் அகத்தி, அவரையின் குடும்பம்தான்.

1699-ல் ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் இதைச் சேகரித்தார். 1844-ல் ஆஸ்திரேலியாவின் உள்பகுதிக்குப் பயணம் போன சார்லஸ் ஸ்டர்ட்டின் பெயர் பூவுக்கு ஒட்டிக்கொண்டது. 1961 முதல் தெற்கு ஆஸ்திரேலியாவின் மாநில மலரும் இதுதான்.

அடிலெய்டிலோ பெர்த்திலோ இருக்கிறீர்களா? நர்சரியில் விதை வாங்கி நீங்களே வளர்க்கலாம். ஆனால், ஆசையாக வளர்க்கிற பலரிடம் இது செத்துப்போகிறது. காரணம், பெரும்பாலும் தண்ணீர்தான்!

விதையை எழுப்புங்க

மழையே வராத பூமியில், கெட்டியான தோலுக்குள் வருடக்கணக்கில் தூங்குகிற விதை இது. சும்மா மண்ணில் போட்டால் லேசில் முளைக்காது. உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள். அல்லது, கொதித்து இறக்கிய சுடுதண்ணீரை ஊற்றி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருக்கும் விதைகளை மட்டும் விதையுங்கள். உப்பாதவற்றுக்கு இன்னொரு ரவுண்டு.

இடம் மாத்தாதீங்க

ஈரத்தைத் தேடி ஆணிவேரை ஆழமாக இறக்குகிற செடி. வேர் அசைந்தால் கோபித்துக்கொள்ளும். அதனால் குளிர் விலகிய வசந்தத்தில், எங்கே வளர வேண்டுமோ அங்கேயே விதையுங்கள். தொட்டி என்றால் நல்ல ஆழமான தொட்டி. பாதிக்குப் பாதி பெருமணல் கலந்து, தண்ணீர் நிற்காமல் வடிகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். களிமண் தோட்டமா? மணலைக் குவித்து மேடு கட்டி, அதன்மேல் விதையுங்கள்.

வெயில் ஓகே, ஈரம் நோ

நாள் முழுக்க வெயில் படட்டும். நாற்று வேர் பிடிக்கிற வரை மட்டும் ஈரம் காயாமல் பாருங்கள். பிறகு, விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அதுவும் காலையில், வேர்ப்பக்கமாக. ரோமம் படர்ந்த சாம்பல் பச்சை இலைகளில் ஈரம் தங்கினால் பூஞ்சை வந்துவிடும். இளங்குருத்து நத்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ராத்திரி ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

வாடினால் அழாதீங்க

தரையோடு படர்ந்து, கொத்துக்கொத்தாகப் பூத்துவிட்டு, பெரும்பாலும் ஒரே சீஸனில் கதையை முடித்துக்கொள்ளும். அது உங்கள் தப்பு இல்லை. பாலைவனத்தில் அதன் வாழ்க்கையே அப்படித்தான். காய்ந்த காய்களைப் பறித்து, விதைகளை எடுத்து வையுங்கள். காட்டில் பூத்திருப்பதைப் பறிக்க மட்டும் கை நீட்ட வேண்டாம். தெற்கு ஆஸ்திரேலியாவில் இது பாதுகாக்கப்பட்ட செடி.

இன்னொரு விஷயம்... ஊருக்கு வரும்போது, ‘அம்மாவுக்கு நாலு விதை’ என்று சூட்கேஸில் போடாதீர்கள். இந்தியாவுக்குள் விதை கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அம்மாவுக்குப் பூவை வீடியோ காலில் காட்டுங்கள். விதை அங்கேயே, அடுத்த வசந்தத்துக்குக் காத்திருக்கட்டும். காத்திருக்க அதற்கு நல்லாவே தெரியும்!