வெளிச்சம் பகையாயிருந்த கரை

சங்குப்பிட்டிப் பாலத்தை இரவில் கடக்கும் தனியார் பேருந்துகள் சில, தங்கள் பெயரை வண்ண விளக்குகளால் எழுதிச் செல்கின்றன. ஓடும் ஊர்தியே விளம்பரப் பலகை.

1990களின் தொடக்கத்தில் இக்கரையில் வெளிச்சமே பகை. ஆனையிறவு வழி அடைபட்டிருந்தது. பூநகரி, நாகதேவன்துறை முகாம்களுக்கு அஞ்சி, மக்கள் கிளாலிக் கடல்நீரேரியை இருளில் படகேறிக் கடந்தனர். பலர் கரை சேரவில்லை. பெற்றோல் தடையால் மண்ணெண்ணெயில் ஓடிய ஊர்திகளும் விமானங்களுக்கு அஞ்சி விளக்கை மறைத்தன.

1993 நவம்பர் 11இல் விடுதலைப் புலிகள் அம்முகாம்களைத் தாக்கினர். அதே மாதம் ஜப்பானின் நிச்சியா நிறுவனம், ஷூஜி நகமுரா உருவாக்கிய பிரகாசமான நீல எல்இடி விளக்கை அறிவித்தது. சிவப்பு முன்பே இருந்தது. நீலம் வந்த பின்னரே வெள்ளையும் பல்வண்ண விளம்பர ஒளியும் கைகூடின. யாழ்ப்பாணத்திலோ அப்போது குப்பி விளக்கு.

288 மீட்டர் நீளமான பாலம் திறந்தது 2011 சனவரியில்.