ஒரு பட்டு நூலின் பிறந்த ஊர்

காஞ்சிப் பட்டு, சேலத்து வெண்பட்டு வேட்டி என்று தறி இருக்கும் ஊரின் பெயரைத்தான் பட்டுக்கு வைக்கிறோம். நூல் பிறந்த ஊரை யாரும் கேட்பதில்லை. அது தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கத்துச் சிற்றூராக இருக்கலாம், பாலக்கோட்டுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையாகவும் இருக்கலாம். நூலின் தரத்தில் பெரும்பகுதி, அது நூலாவதற்கு முன்பே அந்தக் கொட்டகையில் முடிவாகிவிடுகிறது.

தொடக்கம் கசகசா அளவு முட்டை. ஒரு தாய் அந்துப்பூச்சி இடும் ஐந்நூறு முட்டை வரை சேர்ந்தது ஒரு தொகுதி. இப்போது பலரும் முட்டையை வாங்கிப் பொரிக்க வைப்பதில்லை. இளம்புழு வளர்ப்பு மையத்தில் இரண்டாம் தோலுரிப்பு வரை வளர்ந்த புழுவையே வாங்கி வருகிறார்கள். நூறு தொகுதிப் புழுவுக்குச் சுமார் ஒரு டன் மல்பெரி இலை வேண்டும். அதில் ஐந்தில் நான்கு பங்கைக் கடைசி ஒரு வாரத்திலேயே புழு தின்று தீர்த்துவிடும். அந்த வாரம் உறவில் கல்யாணம் என்றால் வீட்டில் ஒருவர் போய் மொய் வைத்துவிட்டு வருவார். மற்றவர்கள் கொம்பு வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

பயமும் அந்த வாரத்தில்தான் அதிகம். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி நிறைய. பக்கத்துத் தோட்டத்தில் அடித்த மருந்து காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்தால் போதும், புழு பச்சைச் சாறைக் கக்கிச் சுருண்டு விழும். ஒரு மாத உழைப்பு ஒரே நாளில் குப்பைக்குப் போகும்.

தப்பிய புழு உடல் கண்ணாடி போலத் தெளிந்ததும் இலையை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி இடம் தேடும். அதைக் கூடு கட்டுவதற்கான வலை மடிப்பிலோ சந்திரிகைத் தட்டிலோ ஏற்றுவார்கள். நூல் கட்டத் தொடங்கும் முன் புழு உடம்பிலிருக்கும் நீரை வெளியேற்றும். ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒன்றாக அதைச் செய்யும்போது கொட்டகையே ஈரமாகிவிடும். பிறகு இரண்டு மூன்று நாள், தலையை எட்டுப் போல ஆட்டி ஆட்டி, அறாத ஒரே இழையால் புழு தன்னைச் சுற்றிக்கொள்ளும். நல்ல வெண்கூட்டில் அந்த இழை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரும். இழைமேல் இருக்கும் பசை அப்போதே உலர வேண்டும். சன்னலைத் திறந்து காற்றோட்டம் தராமல் விட்டால் இழைச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். பின்னால் நூற்பவர் கையில் இழை அடிக்கடி அறுந்துகொண்டே இருக்கும். நெசவாளரின் தறியில் தெரியும் குறை பலவற்றுக்கு அந்த மூன்று நாள்தான் வேர்.

விலை ஏறியிருக்கிறது என்று நாளுக்கு முன்பே கூட்டைப் பிரித்து எடுப்பதும் கெடுதல். உள்ளே தோல் இறுகாத கூட்டுப்புழு நசுங்கி, நல்ல கூட்டையும் கறையாக்கும். ஆறேழு நாளாவது பொறுக்க வேண்டும்.

தருமபுரி நான்கு ரோட்டில் அரசுப் பட்டுக்கூடு அங்காடி. பக்கத்து மாவட்டத்தாரும் இங்கே கூட்டோடு வருகிறார்கள். வாங்குபவர் ஒரு கூட்டை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். கடகடவென்று உருண்டால் உள்ளே புழு நல்லபடி இருக்கிறது. சத்தமே இல்லையென்றால் உள்ளே செத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, விலை இறங்கிவிடும்.

அங்காடியைத் தாண்டிய பிறகு நடப்பது மனத்தை உறுத்தும். அங்கோரா முயலுக்கு மூன்று மாதத்துக்கொரு முறை ரோமம் கத்தரித்துவிட்டு மறுபடி இலை போடலாம். பட்டுப்புழுவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பூச்சியாகி வெளியே வந்தால் கூடு ஓட்டையாகி இழை அறும் என்பதால் சூடான காற்றில் அதைக் கொன்றுவிடுகிறார்கள். ஆந்திரத்துக் கைத்தறித் துறை அலுவலராக இருந்த குசுமா ராஜையா, பூச்சி பறந்த பிறகு கூட்டைப் பஞ்சு போல நூற்று ‘அகிம்சைப் பட்டு’ செய்து காட்டினார். அதில் காஞ்சியின் பளபளப்பு வராது. ஆனாலும் அந்த முயற்சியை நான் மதிக்கிறேன்.

வெந்நீரில் வேகும் கூடுகளில் ஏழெட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்தால்தான் ஒரு நூல். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறேழு கிலோ கூடு, அதாவது மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட புழுக்கள். வெந்த புழு மீன் தீவனமாகவும் கோழித் தீவனமாகவும் போகிறது. நூல் சிட்டமாகி, முறுக்கேறி, சோப்புத் தண்ணீரில் கொதித்துக் கால்வாசி எடையைப் பசையாக இழந்து, சாயமேறி, பாவாகவும் ஊடையாகவும் தறியில் உட்காருகிறது.

புடவையில் தொங்கும் சில்க் மார்க் அட்டை 2004-ல் வந்தது. அது அசல் பட்டு என்று உறுதி சொல்கிறது. கடைக்காரரும் சரிகையில் வெள்ளி எவ்வளவு என்று கேட்டால் சொல்கிறார். கூடு வந்த மாவட்டத்தையும் அந்த அட்டையில் அச்சடிக்க வேண்டும். மூன்று நாள் சன்னலைத் திறந்து வைத்துக் காத்திருந்தவருக்கும் அவசரப்பட்டவருக்கும் அப்போதுதான் விலையில் வித்தியாசம் தெரியும்.