பாக்டீரியா வளர்ப்பில் கடல் நஞ்சைக் கண்டறிதல்

மீன், மட்டி, கடற்பாசி ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவை ஆய்வகத்தில் தனியே வளர்த்து, அது நஞ்சைத் தானே உண்டாக்குகிறதா என்று சோதிப்பது கடல்சார் நுண்ணுயிரியலில் முக்கியமான ஆய்வு. பேத்தை மீனின் டெட்ரோடோடாக்சினும் மட்டியில் சேரும் சாக்சிடாக்சினும் இதில் அதிகம் ஆராயப்பட்டவை. இரண்டும் நரம்பணுக்களின் சோடியம் வாயில்களை அடைத்து மூச்சுத்தசைகளை முடக்குபவை, சமைப்பதால் அழியாதவை. தமிழ்நாட்டில் 1981-இல் நச்சேறிய மட்டியை உண்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 3 பேர் இறந்தனர். மட்டி இந்த நஞ்சை உண்டாக்குவதில்லை. நீரை வடிகட்டி இரை தேடும்போது நுண்ணுயிர்களிடமிருந்து பெறுகிறது. ஆகவே, உண்மையில் நஞ்சை உண்டாக்குவது எது என்று பிழையின்றி அறிவது அவசியம்.

அந்தப் பிழை எங்கே நேர்கிறது என்பதை டெட்ரோடோடாக்சின் ஆய்வுகள் காட்டுகின்றன. விப்ரியோ உள்ளிட்ட பாக்டீரியாக்கள் இந்நஞ்சை உண்டாக்குவதாக 1986-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். வளர்ப்புச் சாற்றைக் காரத்துடன் சூடாக்கினால் நஞ்சு ஒளிரும் பொருளாக மாறும். திரவ நிறப்பிரிகையில் அது வெளிவரும் நேரத்தை வைத்து அடையாளம் காண்பார்கள். ஆனால், பாக்டீரியாவே இடாத வெறும் ஊடகத்திலுள்ள பெப்டோன், ஈஸ்ட் சாறு போன்றவையும் அதே இடத்தில் முகடு காட்டக்கூடும் என்று 1995-இல் மட்சுமுரா என்ற ஆய்வாளர் எச்சரித்தார். எலிச் சோதனையும் இந்தச் சிக்கலைத் தீர்க்காது; சாறு கொல்லும் என்று அது சொல்லும், கொன்றது எது என்று சொல்லாது. எனவே ஒரே முறையின் முடிவைச் சான்றாகக் கொள்ளலாகாது. வெறும் ஊடகத்தையும் அதே படிகளில் சோதிக்க வேண்டும். டெட்ரோடோடாக்சினுக்குரிய, நிறை எண் 320 கொண்ட அயனி, 302, 162 என்ற துண்டுகளாக உடைவதை நிறைமாலைமானியில் காண வேண்டும்.

ஓம்புயிரின் உடலுக்குள் நஞ்சு சுரக்கும் பாக்டீரியா, கண்ணாடிக் குடுவையில் சுரக்காமல் போகலாமே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அது, நஞ்சு கிடைக்காததற்குத்தான் விளக்கம். ஐயத்துக்குரிய முகட்டை நஞ்சாக்கிவிடாது. மரபணுச் சான்று இங்கே கைகொடுக்கும். நன்னீர்ச் சயனோபாக்டீரியாவில் சாக்சிடாக்சினை உண்டாக்கும் மரபணுக்கள் 2008-இல் கண்டறியப்பட்டதும் அந்த நஞ்சை உண்டாக்குவது எது என்பது உறுதியானது. நிறைமாலைமானி விலை உயர்ந்தது என்ற மறுப்பும் உண்மையே. ஆனால் வெறும் ஊடகத்தை உடன் சோதிக்கப் பெரிய செலவில்லை. அதைச் செய்யாமல் ஒரு பாக்டீரியாமேல் பழி சுமத்தினால் உண்மையான மூலத்தைத் தேடுவது நின்றுபோகும். மட்டியை உண்போருக்கு முன்னெச்சரிக்கையும் கிடைக்காது.