எரிமலைத் தொலையுணர்வு

எரிமலைத் தொலையுணர்வு என்பது செயற்கைக்கோளிலும் விமானத்திலும் பொருத்திய கருவிகளைக் கொண்டு எரிமலையின் வெப்பம், வாயு, சாம்பல், நில அசைவு ஆகியவற்றைத் தொலைவிலிருந்து அளக்கும் முறை. உலகின் எரிமலைகள் பலவற்றில் ஒரு நிலநடுக்கமானிகூடக் கிடையாது. அவற்றைப் பற்றிய முதல் தகவல் பெரும்பாலும் வானிலிருந்தே வருகிறது. அந்தமான் கடலில் ஆள் வசிக்காத பாரன் தீவு அப்படிப்பட்டது. இந்தியாவின் செயல்படும் எரிமலையான அது 1991-இல் மீண்டும் விழித்தது. அது அவ்வப்போது பொங்குவதைச் செயற்கைக்கோள்களின் வெப்பப் பதிவுகள் காட்டிக்கொடுக்கின்றன.

வெப்பத்தை அறிவது ஒப்பீட்டளவில் எளிது. 1999-இல் ஏவப்பட்ட டெர்ரா, 2002-இல் ஏவப்பட்ட அக்வா ஆகிய நாசா செயற்கைக்கோள்களின் மோடிஸ் கருவிக்கு, வெப்பப் படத்தின் ஒரு புள்ளி தரையில் ஒரு கிலோமீட்டர். அந்தப் பரப்பில் மிகச் சிறிய பகுதியில் மட்டுமே எரிமலைக் குழம்பு இருந்தாலும் அகச்சிவப்புக் கதிரில் அந்தப் புள்ளி தனித்துத் தெரியும்.

வாயுவை அளக்க முடிந்ததோ தற்செயலாகத்தான். 1978-இல் நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் சென்ற டாம்ஸ் கருவி ஓசோனை அளக்கச் செய்யப்பட்டது. 1982-இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் வெடித்தபோது, அதன் கந்தக டை ஆக்சைடும் புற ஊதாக் கதிரை உறிஞ்சி ஓசோன் கணக்கைக் குழப்பியது. குழப்பத்தைப் பிரித்தெடுத்தபோது வாயுவின் அளவே கையில் கிடைத்தது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ உமிழ்ந்த கந்தக டை ஆக்சைடு 1.5 முதல் 2 கோடி டன் வரை இருக்கும் என்ற மதிப்பீடு இவ்வழியில் வந்ததே.

அதே 1982-இல் ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பயணிகள் ஜெட் விமானம் ஒன்றின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. விமானிகள் அவற்றை மீண்டும் இயக்கி ஜகார்த்தாவில் தரையிறக்கினர். விமானத்தின் வானிலை ரேடாரில் நுண்சாம்பல் தெரிவதில்லை. 11, 12 மைக்ரோமீட்டர் அலைநீளங்களில் மேகமும் சாம்பலும் எதிரெதிராக நடந்துகொள்வதை வைத்து, சாம்பலை மேகத்திலிருந்து பிரித்தறியும் வழியை ஃப்ரெட் பிராட்டா 1989-இல் வெளியிட்டார். இன்று உலகின் ஒன்பது எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்களுக்கும் செயற்கைக்கோள் படங்களே அன்றாட ஆதாரம்.

இவற்றில் மிக நுட்பமானது ரேடார் குறுக்கீட்டு முறை. ஒரே இடத்தை ஒரே பாதையிலிருந்து இரண்டு முறை ரேடாரால் படமெடுத்து, திரும்பி வந்த அலைகளின் கட்ட வேறுபாட்டைக் கணக்கிடுவார்கள். இடைக்காலத்தில் நிலம் வீங்கியிருந்தாலோ அமிழ்ந்திருந்தாலோ அது வண்ண வளையங்களாகத் தெரியும். 5.6 செ.மீ. அலைநீளமுள்ள ரேடாரில் ஒரு வளையம் 2.8 செ.மீ. அசைவைக் குறிக்கும், அலை போய்த் திரும்புவதால் பாதி. எட்னா எரிமலை இறங்கியதை 1995-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இப்படித்தான் காட்டினர். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சவுத் சிஸ்டர் எரிமலைக்கு மேற்கே நிலம் நான்கே ஆண்டுகளில் சுமார் 10 செ.மீ. உயர்ந்திருந்ததை அப்பகுதியில் யாருமே உணரவில்லை. 2001-இல் ரேடார் படங்களை ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது.

ஆனால் உயிர்களைக் காத்த முன்மாதிரி என்றால் 2010-இல் ஜாவாவின் மெராப்பியைத்தான் சொல்ல வேண்டும். அக்டோபர் 26-இல் முதல் வெடிப்பு. மலையின் காவலராகப் போற்றப்பட்ட முதியவர் மாரிஜான் வீட்டைவிட்டு நகர மறுத்து அதில் இறந்தார். அதன்பின் உச்சியை மழைமேகமும் புகையும் மூடிக்கொண்டன. மேகத்தை ஊடுருவும் ரேடார்சாட்-2, டெர்ராசார்-எக்ஸ் ரேடார் செயற்கைக்கோள்களின் படங்களில் மட்டும் உச்சியில் குழம்புக் குவிமாடம் வளர்வது தெரிந்தது. நவம்பர் 4-க்குள் அது சுமார் 50 லட்சம் கனமீட்டராகியிருந்தது. நொடிக்கு சுமார் 25 கனமீட்டர் வேகம். மெராப்பியின் வழக்கமான வளர்ச்சியோடு ஒப்பிட்டால் இது அசுர வேகம். படங்களையும் நில அதிர்வுப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்த சுரோனோ தலைமையிலான இந்தோனேசிய எரிமலை மையம், வெளியேற்ற எல்லையை 10 கி.மீ.-இலிருந்து 15-க்கும் பின் 20-க்கும் நீட்டியது. நவம்பர் 5 நள்ளிரவு கடந்து வந்த பெருவெடிப்பில் நெருப்புச் சாம்பல் பாய்ச்சல் 15 கி.மீ.-ஐத் தாண்டியது. 350-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முன்னரே மக்களை அப்புறப்படுத்தியதால் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் உயிர்கள் தப்பியதாக மதிப்பீடு. படங்கள் விரைந்து கிடைத்ததற்கு, பேரிடர் நேரத்தில் விண்வெளி அமைப்புகள் தரவை இலவசமாக வழங்கும் பன்னாட்டுச் சாசனமும் காரணம். இஸ்ரோவும் அதில் உறுப்பினர்.

எட்டே ஆண்டுகளில் அதே நாட்டில் நிலைமை தலைகீழானது. 2018 டிசம்பர் 22 இரவு அனாக் கிரக்கத்தா எரிமலைத் தீவின் தென்மேற்குச் சரிவு கடலுக்குள் சரிந்தது. எழுந்த ஆழிப்பேரலையில் 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலநடுக்கத்தை நம்பியிருந்த எச்சரிக்கை ஏற்பாடு வாய் திறக்கவில்லை. சில மணி நேரத்தில் சென்டினல்-1 செயற்கைக்கோள் எடுத்த ரேடார் படம் சரிவு காணாமல் போனதைக் காட்டியது. 338 மீட்டர் உயர மலை பின்னர் 110 மீட்டராகக் குறுகியது. அந்தச் சரிவு பல மாதங்களாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்ததற்கான தடயம் பழைய ரேடார் தரவிலேயே இருந்தது. ஆனால் அதைத் தோண்டி எடுத்தது விபத்துக்குப் பின்னர்தான்.

குறைகள் இன்னும் உண்டு. அடர்ந்த காட்டில் குறுகிய அலை ரேடாரின் இரு படங்கள் ஒத்துப்போவதில்லை. 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நிசார் செயற்கைக்கோளில் நாசாவின் 24 செ.மீ. அலை ரேடாரும் இஸ்ரோவின் குறுகிய அலை ரேடாரும் சேர்ந்தே உள்ளன. நீண்ட அலை இலைகளைத் தாண்டி நிலத்தைத் தொடும். நிசார் 12 நாளுக்கொரு முறை அதே பாதைக்குத் திரும்புகிறது. மெராப்பியிலோ முதல் வெடிப்புக்கும் பெருவெடிப்புக்கும் இடையே கழிந்தவை பத்தே நாள்கள்.