படப்புள்ளியும் படத்தின் உயிரும்: ஒரு வரலாற்று நோக்கு

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. கலையின் குறையைக் கருவியின்மேல் ஏற்றிச் சொல்லும் பழக்கம் நேற்றுத் தோன்றியதன்று என்பதை அஃது உணர்த்துகின்றது. காணொளிக் கலையிலும் இப்பழக்கம் குடிபுகுந்துவிட்டது. 'கருவியின் பிரிதிறன் எவ்வளவு?' என்பதே முதல் வினாவாகவும் முடிந்த முடிபாகவும் ஆகிவிடுகின்றது. பிரிதிறன் என்பது ஒரு படத்தை எத்தனை நுண்புள்ளிகளாகப் பகுத்துப் பதிய இயலும் என்னும் அளவாகும். தொழில்முறைப் படப்பிடிப்பில் அவ்வளவே தலையாயதா? வரலாறு தரும் விடையை நாடுவோம்.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கிற்று. அதே ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரிலும் ஒளிபரப்பு தொடங்கியிருந்தது. நீரிணையின் இக்கரையில் வாழ்ந்த ஜொகூர் பாரு மக்களுக்கு இரு நாட்டு ஒளிபரப்பும் எட்டியது. அக்காலப் படம் 625 கிடைக்கோடுகளால் ஆனது. அவற்றுள் 576 கோடுகளே காட்சியைத் தாங்கின. நம் நாட்டில் வண்ணம் வந்ததோ 1978இல்தான். மங்கலான அந்தக் கறுப்பு வெள்ளைத் திரையின்முன் அமர்ந்துதான் ஒரு தலைமுறை தமிழ்ப் படங்களைக் கண்டு சிரித்தது, கண்ணீர் உகுத்தது. படத்தில் வெண்பொறி பறந்தாலும் பொறுத்திருந்தவர்கள், ஒலி அற்றுப்போனால் பொறுத்திருக்கவில்லை. கோடுகள் போதவில்லை என்று குறைப்பட்டவர் யார்?

இன்றைய கணக்கைப் பார்ப்போம். உயர்துல்லியப் படம் எனப்படுவது 1920க்கு 1080 என்னும் அளவில் 20,73,600 புள்ளிகளைக் கொண்டது. 4கே எனப்படுவது 3840க்கு 2160 என்னும் அளவில் 82,94,400 புள்ளிகளைக் கொண்டது. அஃதாவது நான்கு மடங்கு. ஆயினும் காணும் கண்ணுக்கு ஓர் எல்லையுண்டு. நல்ல பார்வையுடையவர் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவே பிரித்தறிய வல்லவர். 55 அங்குலத் தொலைக்காட்சியை ஏறத்தாழ 2.2 மீட்டருக்கு அப்பால் அமர்ந்து காண்பவருக்கு உயர்துல்லியப் படத்தின் புள்ளிகளே ஒன்றாய்க் கலந்துவிடும். அதற்குமேற் பெருக்கிய புள்ளிகளால் அவருக்கு விளையும் பயன் மிகச் சிறிதே.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இசுகந்தர் புத்திரியில் அமைந்த படப்பிடிப்புக் கூடம், பைன்வுட் என்னும் புகழ்பெற்ற பெயரைத் தாங்கியிருந்த நாளில், நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் 'மார்க்கோ போலோ' தொடர் அங்கே உருவாயிற்று. 2014 டிசம்பரில் வெளிவந்த அத்தொடரின் முதற் பருவத்திற்கு மட்டும் ஏறத்தாழ 9 கோடி அமெரிக்க டாலர் செலவானதாகச் செய்திகள் கூறின. படம் 4கே தெளிவில் மக்களைச் சென்றடைந்தது. குப்ளாய் கானாக நடித்த பெனடிக்ட் வோங் பாராட்டப் பெற்றார். திரைக்கதையோ திறனாய்வாளரின் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. இரண்டு பருவங்களோடு 2016இல் தொடர் நிறுத்தப்பட்டது. எண்பத்திரண்டு இலட்சம் புள்ளிகளும் கதையின் தளர்ச்சியை மறைக்க இயலவில்லை.

இத்தொடர் கற்பிக்கும் பாடம் மற்றொன்றும் உண்டு. 2016இல் இதனை மேலும் பொலிவுறச் செய்ய முனைந்தோர் புள்ளிகளைக் கூட்டவில்லை. ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட வீச்சை விரிவாக்கியே வெளியிட்டனர்.

ஒளிவீச்சின் பெருமைக்கு இன்னுமொரு சான்று 2010இல் அறிமுகமான 'அலெக்சா' என்னும் செருமானியக் கருவி. அதன் தொடக்கக்கால வகைகள் 4கே அளவை எட்டவில்லை. அதனால் தன் சொந்தப் படைப்புகளுக்கு அவற்றை முதன்மைக் கருவியாக நெட்ஃபிளிக்ஸ் ஏற்கவில்லை. ஆனால், புதுச்சேரியில் தொடங்கும் கதையைக் கொண்டு 2012இல் வெளிவந்த 'லைஃப் ஆஃப் பை' அக்கருவி கொண்டே எடுக்கப்பட்டு, ஒளிப்பதிவுக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. மனித முகத்தின் நிறத்தை இயல்பாகக் காட்டுவதும், வெயிலையும் நிழலையும் ஒருங்கே ஏற்பதும் அக்கருவியின் தனிச்சிறப்புகள்.

தமிழ்த் திரையுலகமும் இதே விடையைத் தந்துள்ளது. பாலாஜி சக்திவேல் இயக்கிய 'வழக்கு எண் 18/9' 2012இல் வெளிவந்தது. ஒளிப்பதிவாளர் விஜய் மில்டன் அதற்குக் கையாண்டது, ஒளிப்படம் எடுப்போர் தோளில் தொங்கும் கேனன் 7டி கருவியே. அது பதிந்த காணொளி உயர்துல்லிய அளவைத் தாண்டாதது. நடித்தோரும் பெரும்பாலும் புதுமுகங்களே. எனினும் சிறந்த தமிழ்ப் படத்திற்கான இந்திய தேசிய விருது அதற்கே கிடைத்தது. எளிய மனிதர் படும் அநீதியை அது நேர்நின்று காட்டியதே காரணம் எனலாம்.

இவ்வாறு கூறுவதால் பிரிதிறன் வேண்டாப் பொருள் என்பது கருத்தன்று. எடுத்த காட்சியின் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்குதற்கும், பச்சைத் திரையின் முன் நடிப்போரைப் பிற காட்சியோடு இணைத்தற்கும், மாபெரும் திரையில் காட்டுதற்கும் மிகுபுள்ளிகள் உதவும். ஆயினும் அது துணையேயன்றித் தலைமையன்று. ஒளியமைப்பு, வில்லையின் தரம், ஒளிவீச்சு, ஒலித்தூய்மை ஆகியவற்றோடு வரிசையில் நிற்கவேண்டிய ஒன்று அது. அனைத்திற்கும் முன்னே நிற்பது சொல்லப்படும் பொருள்.

ஆசிரியப் பெருமக்கள் இதனை மாணவர்க்கு எடுத்துரைத்தல் கடனாகும். விலையுயர்ந்த கருவி இல்லையே என்னும் ஏக்கத்தால் நம் பிள்ளைகள் காணொளிக் கலையில் இறங்காது ஒதுங்குவராயின், இழப்பு நம்முடையது. ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் வரலாறு அதனைச் சொல்ல வல்ல முதியவர்களோடு நாளும் மறைந்து வருகின்றது. கைப்பேசியை நிலையாக நிறுத்துக. சாளரத்தின் ஒளி முகத்தில் விழுமாறு முதியவரை அமர்த்துக. காற்றின் இரைச்சல் புகாத இடத்தில் அவர் குரலைப் பதிக. நாளைய தலைமுறை அப்பதிவைக் காணும்போது புள்ளிகளை எண்ணாது. அம்முகத்தைக் காணும், அக்குரலைக் கேட்கும்.