சிறிமாவோ காலமும் எங்கள் சின்ன வெங்காயமும்

தோட்டக்காரருக்கு நல்ல காலம் எது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால், பலர் சிறிமாவோ காலம் என்பார்கள். அதே காலத்தைக் கொழும்பில் கேட்டால் பாண் வரிசையைத்தான் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான்.

1970இல் வந்த அரசு 1972–76 ஐந்தாண்டுத் திட்டத்தைப் போட்டது. சோவியத் நாடு போல முழுத் திட்டமிட்ட பொருளாதாரம் இல்லை. ஆனால் எந்தச் சாமான் கப்பலில் வரலாம் என்பதை அரசுதான் தீர்மானித்தது. அந்நியச் செலாவணி இல்லை. 1973இல் எண்ணெய் விலையும் ஏறியது. செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கினார்கள். உடனே தெற்குச் சந்தை எங்கள் செம்மண்ணைத் தேடி வந்தது. சனம் கூப்பனோடு வரிசையில் நிற்க, குடாநாட்டுத் தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள்.

1977 யூலையில் ஜே.ஆர். வென்றார். நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரொனி டி மெல் பெரும்பாலான இறக்குமதிக் கட்டுப்பாடுகளை நீக்கினார். டொலர் சுமார் 8 ரூபாயிலிருந்து 16 அளவுக்குப் போனது. கடைகள் நிரம்பின, வரிசைகள் மறைந்தன. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. 80களில் ஆடை ஏற்றுமதி தேயிலையையே முந்தியது. ஆனால் அந்த ஆடைத் தொழிற்சாலைகள் கொழும்பைச் சுற்றித்தான் எழுந்தன. எங்களுக்கு வந்தது வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும். இறைப்பு மெஷினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெயும் விலை ஏறியது. விளைச்சலின் விலை விழ, செலவு கூடியது.

சீனா 1978 டிசம்பரில்தான் சீர்திருத்தம் தொடங்கியது. எங்களுக்கு ஒரு வருடம் பிந்தி. 1980இல் முதலில் நான்கு இடங்களில் மட்டும் சிறப்பு வலயம் அமைத்து, படிப்படியாகத் திறந்தது. இங்கே ஒரே வரவு செலவுத் திட்டத்தில் கதவைத் திறந்துவிட்டார்கள்.

மூடியிருந்தால் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. பட்டினியோடு வரிசையில் நின்றவனும் எங்கள் ஆள்தான். ஆனால் திறக்கும்போது யார் ஆயத்தமாக இருக்கிறார்கள், யாருக்கு அவகாசம் வேண்டும் என்று பார்க்கவேண்டும். இன்றும் இறக்குமதி வெங்காயத்தின் வரி வர்த்தமானியில் ஏறி இறங்குகிறது. நாங்கள் வெங்காயம் கிண்டுகிற மாதத்தில் அது இறங்கினால், அந்தப் போக நட்டம் முழுவதும் தோட்டக்காரன் தலையில்தான்.

அந்தக் காலத்தில் தோட்டம் செய்தவர்கள் இருந்தால், பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். பாடப்புத்தகத்தில் "திறந்த பொருளாதாரம்" என்பது இரண்டு சொல். எங்கள் ஊரில் அது ஒரு தலைமுறையின் கணக்கு.